கைநாட்டு

ஐந்தாவது முறை.
சோம்பு மணக்கும் ஆல்டிஹைடு,
அமோனியம் அசிட்டேட் தாராளமாய்,
மெத்தனால்.
பிறகு, வயிற்றில் சயனைடு உறங்கும் அந்த ஒடுக்கி.
அதன் பாட்டிலைத் தொடும்போது மட்டும்
தாண்டெகா பேச்சை நிறுத்துவாள்.

நான் கேட்பது ஓர் எளிய அமீன்.
நைட்ரஜன் ஒரு கையால் கார்பனைப் பிடித்துக்கொண்டு
மற்ற இரு கையிலும் ஹைட்ரஜனோடு சும்மா இருக்கவேண்டும்.
இருக்காது.
பிறந்த சூட்டோடு அடுத்த ஆல்டிஹைடைத் தேடிப் போகும்,
அதையும் கட்டிக்கொள்ளும்.
குற்றம் அதன் உச்சந்தலையில் இருக்கும் இரண்டு எலக்ட்ரானுக்கு.
பாடப்புத்தகம் வைத்த பேர்: தனித்த ஜோடி.
ஜோடியாய் இருந்தும் தனிமை என்றால்
வேறென்ன செய்யும், பாவம்.

டர்பனுக்கு மேற்கே, வெஸ்ட்வில் குன்றின்மேல்
மூன்றாம் மாடி.
பகல் இரண்டுக்கு மின்வெட்டு, நான்காம் கட்டம்.
கைபேசிக்கு முன்பே தெரியும்,
குடுவைக்கு யார் சொல்வது?
கலக்கி நின்றது. புகைக்கூண்டின் மூச்சு நின்றது.
மீன்சந்தை ஒன்று மெல்ல எழுந்து
அறைக்குள் நடமாடத் தொடங்கியது.
சன்னலைத் திறந்தோம்.

அதற்குச் சற்று முன்புதான்
சிலிக்காத் தகட்டில் ஒரு துளி வைத்து ஏற்றியிருந்தேன்.
அமீன் சிலிக்காவை விட்டு வர மனமில்லாமல்
வால் நீட்டி இழுபடும்.
வாலைச் சுருட்ட ஒரு சொட்டு ட்ரைஎத்தில்அமீன்.
ஆளை அடக்க அதே குலத்து ஆள்.

தகட்டைக் காயப் போட்டுவிட்டுப்
படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம்.
ஜெனரேட்டர் டீசல் குளிர்பெட்டிகளுக்கு மட்டும் என்று
இம்கீசே கீழேயிருந்து கத்தினார்.
தாண்டெகாவின் வெட்கூக் மேசைமேல் இருந்தது.
ஆய்வகத்தில் உணவு கூடாது என்பது விதி,
ஆகையால் அது அங்கே இல்லை.

நாலரைக்கு விளக்கு வந்தது.
இல்லாத வெட்கூக்கைக் காணோம்.
தகடு தரையில் கிடந்தது.

எடுத்து, நின்ஹைட்ரின் தெளித்து,
சூடு காட்டினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
எப்போதும் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, நாவற்பழம் தின்ற நாக்குபோல்
பாதி உயரத்தில் ஒரு புள்ளி
உருண்டையாய், வாலில்லாமல்.
என் அமீன்!
பக்கத்திலேயே
நாலு பொடி விரல், உள்ளங்கையின் ஓரம்,
ரேகை சகிதம்.
வாலோடு வந்தவன் வைத்துவிட்டுப் போனது.

நின்ஹைட்ரின் ஆள் பார்க்காது.
ஐந்து வாரம் அழுது குடுவையில் நான் எடுத்ததும் ஊதா,
குரங்கின் கையில் சும்மா ஊறிய வியர்வையும் ஊதா.
உள்ளதைச் சொன்னால்
அதன் ஊதாதான் அழுத்தம்.

டாக்டர் படையாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“மாசு. மறுபடி ஓட்டு.”
ஓட்டினேன். அதே உயரம், அதே புள்ளி.
நிறமாலையில் அந்த இரண்டு ஹைட்ரஜனும்
போர்வைக்குள் யாரோ தூங்குவதுபோல்
அகன்ற, தாழ்ந்த மேடாய்த் தெரிந்தன.
விளைச்சல் முப்பத்தொரு சதவீதம்.

பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கோடு:
செய்தவர். சாட்சி.
என் கோட்டில் ஒப்பமிட்டேன்.
தாண்டெகா பேனாவை எடுத்தாள், யோசித்தாள், வைத்தாள்.
“அப்போது நான் படிக்கட்டில் அல்லவா இருந்தேன்.”

முதல் தகட்டை
சாட்சிக் கோட்டின்மேல் ஒட்டினோம்.
இந்தத் துறைமுகத்தில் இறங்கிய என் ஆட்கள் பலருக்கும்
அதற்குமேல் எழுத வராது.
காகிதம் செல்லாமல் போய்விடவில்லை.

சாயங்காலம் சாட்ஸ்வொர்த் டாக்சியில்
நிற்க இடமில்லாத கூட்டம்,
என் பக்கத்து இருக்கை மட்டும் காலி.
எலுமிச்சை, கை சொன்ன பேச்சைக் கேட்டது.
தலைமுடி கேட்கவில்லை.
சன்னலோரம் உட்கார்ந்து வந்தோம்
நானும் என் நாற்றமும்,
தனித்த ஜோடி.